பேதுருவுக்கென்று கேட்ட கம்பளி

பட்டம் பெற்றுத் திருவனந்தபுரத்தில் அரசாங்கக் கச்சேரி ஒன்றில் உத்தியோகம் கிடைத்த பிறகு, என் மாலைப் பொழுதுகளில் பெரும்பகுதி பொது நூலகத்திலேயே கழிந்தது. வீட்டுக்குக் கொண்டுபோக அனுமதியில்லாத பெரிய படப் புத்தகங்கள் சில அங்கே கண்ணாடி அலமாரிக்குள் இருந்தன. ஆண்டவரின் கடைசி இராப்போசனத்தைப் பல தேசத்தார் தீட்டியிருந்த விதங்களை அவற்றில் பார்த்துப் பார்த்து எனக்கு ஒரு பழக்கம் உண்டாயிற்று. எந்தப் படமானாலும் முதலில் யூதாசைத் தேடுவேன். தேட வேண்டிய அவசியமே இருக்காது. கண் தானாகவே அவனிடம் போய் நின்றுவிடும். அந்த எளிமைதான் என்னை யோசிக்க வைத்தது.

சுவிசேஷத்தில், காட்டிக்கொடுக்கப் போகிறவன் யாரென்று உடனிருந்த சீஷர்களுக்கே தெரியவில்லை. ஒவ்வொருவரும் தன்னையே சந்தேகித்தார்கள் என்றுதான் எழுதியிருக்கிறது. சித்திரக்காரர்களுக்கு மட்டும் அந்தச் சந்தேகம் இருந்ததில்லை. வட ஐரோப்பியப் படங்களில் அவனுக்குச் செம்பட்டைத் தாடியும் மஞ்சள் அங்கியும் உண்டு. இத்தாலியச் சுவர்களில் எல்லாரும் மேசைக்கு ஒரு பக்கம் அமர, அவன் தனியாக மறுபக்கம் உட்கார்ந்திருக்கிறான். மற்றவர்கள் தலையைச் சுற்றியுள்ள ஒளிவட்டம் அவனுக்கு மட்டும் இல்லை. அபிசீனியா தேசத்துப் படங்களில் நல்லவர்கள் இரண்டு கண்ணாலும் நம்மைப் பார்க்கிறார்கள். தீயவனுக்குப் பக்கவாட்டு முகமும் ஒற்றைக் கண்ணும்தான். ஸ்பானிய மொழி வழங்கும் நாடுகளில் ஈஸ்டருக்கு முந்தின நாள் அவனைக் காகிதப் பொம்மையாகச் செய்து வெடி வைத்துக் கொளுத்துவார்களாம். சில ஊர்களில் அந்தப் பொம்மைக்கு, மக்களுக்குப் பிடிக்காத அதிகாரியின் தொப்பியை மாட்டிவிடுவார்கள் என்று படித்தபோது எனக்குச் சிறிது மகிழ்ச்சிகூட ஏற்பட்டது. ஏனெனில் மற்ற இடங்களில் எல்லாம் அந்த உடையும் முகமும், பதில் பேச இயலாத ஒரு கூட்டத்தாரிடமிருந்து எடுக்கப்பட்டவை. மஞ்சள் என்பது ஐரோப்பிய நகரங்கள் பலவற்றில் யூதர்கள் கட்டாயமாக அணிய வேண்டியிருந்த நிறம். ஜெர்மனியில் யூதர்களின் கடைகளுக்கு என்ன நேர்ந்துகொண்டிருக்கிறது என்று பத்திரிகையில் வாசித்துவிட்டு நூலகத்துக்குப் போகிற நாட்களில், அந்த அங்கி எனக்கு வெறும் வர்ணமாகத் தோன்றவில்லை.

இதையெல்லாம் கோத்து எங்கள் தமிழ்க் கிறிஸ்தவச் சபையின் மண்டபத்தில், படங்களைத் திரையில் விழச்செய்யும் மாயவிளக்கோடு ஒரு சொற்பொழிவு செய்தேன். படத்தகடுகளைக் கடன் வாங்கி வந்ததும், விளக்கை இயக்கியதும் என் நண்பன். கல்லூரியில் ஒரே பெஞ்சில் அமர்ந்தவன். வேறு கச்சேரியில் என்னுடையது போன்ற உத்தியோகம். சபைக் கமிட்டியின் காரியதரிசி. அவன் குடும்பம் நாஞ்சில் நாட்டிலிருந்து வந்து இரண்டு தலைமுறையாகத் திருவனந்தபுரத்தில் வேரூன்றியது. நானோ போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்துக் கூலிக்காரரின் மகன். மிஷன் விடுதிப் பள்ளி என்னைக் கீழே கொண்டுவந்தது. தகப்பனார் மலைமேலேயே இருந்தார். சபையில் இது எல்லாருக்கும் தெரியும். அந்த வேறுபாட்டை ஒருநாளும் காட்டாதவன் என்பதற்காகவே அவனை நான் நேசித்தேன். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் என் அறைக்கு வந்து, நான் பொங்கிய சோற்றை என் பாத்திரத்திலேயே போட்டுச் சாப்பிடுவான்.

கோயில் வாசல்கள் எல்லாச் சாதியாருக்கும் திறந்துவிடப்பட்டதற்கு அடுத்த ஆண்டு அது. நம்மிடத்தில் அது எப்போதோ ஆகிவிட்டதே என்று எங்கள் சபைப் பெரியவர்கள் சற்றுப் பெருமையாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஆனால் எங்கள் அசனத்தில் ஒரு வழக்கம் இருந்தது. அசனம் என்பது தென்பகுதிச் சபைகளின் ஆண்டு விருந்து. சபையார் கொண்டுவரும் அரிசியையும் காய்கறியையும் பெரிய வார்ப்புகளில் பொதுவாகச் சமைத்து, தரையில் பந்தியாக அமர்ந்து உண்பது. தோட்டத்துக் கிறிஸ்தவர்கள் எப்போதாவது மலையிறங்கி வந்தால் இரண்டாம் பந்தியில்தான் உட்காருவார்கள். யாரும் அப்படிச் சொன்னதில்லை; அப்படி நடந்துவந்தது. அந்த ஆண்டு முதல் பந்தியிலேயே எல்லாரும் கலந்து அமர வேண்டும் என்று கமிட்டியில் தீர்மானம் கொண்டுவந்து நிறைவேற்றியவன் என் நண்பன்தான். அதை இங்கே குறிப்பிடாமல் விட்டால் நான் நியாயமாக எழுதுகிறேன் என்று சொல்லிக்கொள்ள முடியாது.

என் சொற்பொழிவின் விளைவாகக் கமிட்டிக்கு ஓர் ஆசை பிறந்தது. மண்டபச் சுவருக்கு ஓர் இராப்போசனப் படம் வேண்டும். எழுத்தறியாதவர்களும் பார்த்துப் புரிந்துகொள்ளும்படி துணியில் பெரிதாக எழுத வேண்டும். அசனத்தன்று திறக்க வேண்டும். பழவங்காடிக்குப் பின்புறச் சந்தில் நாடகக் கம்பெனிகளுக்குத் திரை எழுதுகிற திருநெல்வேலிக்காரர் ஒருவரிடம் வேலையை ஒப்படைத்தார்கள். விவரம் சொல்ல நானும் நண்பனும் போனோம்.

ஓவியர் நாங்கள் கொண்டுபோன படங்களைப் புரட்டிவிட்டு, "இதுல வில்லன் யாரு சார்?" என்று கேட்டார்.

நண்பன் செம்பட்டைத் தாடியைக் காட்டினான்.

"செந்தாடியா! கோட்டைக்குள்ள ஆடுற கதகளி வேஷம் பந்தியில வந்து குந்திட்டான்னு சிரிப்பாங்க சார்."

"அப்போ மஞ்ச அங்கி?"

"மஞ்ச உடுத்தினா கல்யாண மாப்பிள்ளை."

"இடுப்புல ஒரு பணப்பை?"

"இந்தத் தெருவுல கல்லாவுல இருக்கிற மொதலாளிமார் அத்தனை பேர் இடுப்புலயும் பை தொங்குது. நாளைக்கு எனக்கு யாரு வேலை கொடுப்பா?"

ஒற்றைக் கண்ணைச் சொன்னதும் அவர் முகம் மாறிவிட்டது. "கண்ணு திறக்காம ஒரு உருவத்த விடப்படாது சார். அது தொழிலுக்கு ஆகாது." ஒளிவட்டத்தைக் கமிட்டி முன்பே தள்ளியிருந்தது, அது கத்தோலிக்க ரோமைச் சபையாரின் வழக்கமாம்.

உலகம் முழுவதும் செல்லுபடியான அடையாளங்கள் பழவங்காடியில் ஒன்றன்பின் ஒன்றாகச் செல்லாமற்போனதை நான் மிகவும் ரசித்தேன். அடையாளமே வேண்டாம் என்றேன். பன்னிரண்டு பேரும் ஒரே மாதிரி உடுத்திய நம்மூர் மனிதர்களாக இருக்கட்டும். ஒருவன் மட்டும் பந்தியைவிட்டு எழுந்துகொண்டிருக்கட்டும். யார் என்ற கேள்வி பார்ப்பவர் மனத்தில் எழட்டும்.

"அதாக்கும் சரி," என்றான் நண்பன். திரும்பும் வழியில் என் தோளைப் பிடித்துக்கொண்டு, "எடே, நீ கவலப்படாத. கமிட்டிய நான் பாத்துக்கறேன். அதுல ஒரு மாத்தமும் வராது," என்று உறுதி சொன்னான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுக் கை கழுவும்போது, என் கட்டிலில் மடித்துக் கிடந்த கறுப்புக் கம்பளியைப் பார்த்தான். தோட்டத்தில் மழையிலும் பனியிலும் தலைவழியே போர்த்திக்கொள்ளும் முரட்டுக் கம்பளி அது. நான் கல்லூரியில் சேர்ந்தபோது தகப்பனார் தம் தோளிலிருந்து எடுத்துக் கொடுத்தது. அடுப்புத் தணல் பட்டு ஒரு மூலையில் விழுந்திருந்த ஓட்டையைச் சிவப்பு நூலால் அம்மா தைத்திருந்தாள்.

"இத பேதுருவுக்குப் போர்த்தினா எப்படி இருக்கும்?" என்றான். "சீஷருக்கெல்லாம் தலைவன்னாலும் மீன் பிடிக்கறவன்தானே, குளிருல கிடந்தவன். நம்ம மலை ஆளுங்க வந்து பாக்கும்போ, அட நம்மாளுன்னு தோணும் கேட்டியா. ஓவியக்காரர்ட்ட கொண்டு காட்டிட்டுத் தர்றேன்."

கம்பளியை நானே காகிதத்தில் சுற்றி அவன் கையில் கொடுத்தேன்.

படம் முடியும்வரை யாரும் பார்க்கக்கூடாது என்று கமிட்டி சொல்லியிருப்பதாகப் பிறகு அவன் சொன்னான். நான் பார்க்கப் போகவில்லை. ஓணம் வந்து போயிற்று. ஞாயிறுதோறும் அவன் என்னோடு சாப்பிட்டான். கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு நான் மலைக்குப் புறப்பட்டபோது வித்துரா பஸ்ஸில் ஏற்றிவிட வந்தவனும் அவன்தான். "அப்பாகிட்ட கம்பளி விஷயம் சொல்லப்போறேன்," என்றேன். "சொல்லு, சொல்லு," என்றான். பஸ் புறப்படும்வரை நின்றிருந்தான்.

வித்துரா சந்தையில் இறங்கி, தோட்டத்துக்குச் சாமான் ஏற்றிப்போகும் வண்டியில் பாதி வழியும் நடந்து மீதி வழியும் மலையேறினேன். தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்து முற்றத்தில் எல்லாரும் கூடியிருந்தபோது கம்பளிச் செய்தியையும் முதல் பந்தித் தீர்மானத்தையும் சொன்னேன். தகப்பனார் சிரித்தார்.

"எனக்க கம்பிளியா? பேதுருவுக்கா? அந்த நாத்தத்த அவரு எப்பிடித் தாங்குவாரு?"

"படத்துல நாத்தம் வராது மாமா," என்றது ஒரு குரல்.

"ஒனக்க கம்பிளியக் கேக்காம போனாவளே, அதுதான் பேதுரு பொழச்சாரு," என்றார் தகப்பனார். முற்றம் முழுவதும் சிரித்தது. அதன்பின் அவர் என் பக்கம் திரும்பி, "நெசமாத்தான மக்கா? மொதப் பந்தியிலயே உக்காரலாமா?" என்று கேட்டார். நிஜம் என்றேன். என் வார்த்தையை நம்பித்தான் அவர் வீடு வீடாகப் போய் அசனத்துக்கு ஆள் சேர்த்தார். தோட்டத்தில் ஒருநாள் விடுப்பு என்பது சும்மா கிடைக்கிற காரியமல்ல. அவருடைய சொல்லுக்கு அந்த லயத்தில் இருந்த மதிப்பு முழுவதையும் என் சொல்லின்மேல் வைத்தார்.

அசனத்தன்று துவைத்த வேட்டியும் புதுச் சேலையுமாக அவர்கள் வந்து மண்டபத்தில் நின்றார்கள். போதகர் ஜெபித்துவிட்டுத் திரைச்சீலையை இழுத்தார்.

படம் அழகாக இருந்தது. அதை மறுக்க முடியாது. சீஷர்கள் வெள்ளையும் சந்தன நிறமுமாக உடுத்து, வெளுத்த முகத்தோடு, பட்டணத்துக் கனவான்களைப்போல் அமர்ந்திருந்தார்கள். பந்தியைவிட்டு எழுந்துகொண்டிருந்தவன் மட்டும் கறுத்திருந்தான். தலைவழியே ஒரு கறுப்புக் கம்பளி. ஓவியர் நேர்மையான தொழிலாளி. மூலையிலிருந்த சிவப்பு நூல் தையலைக்கூட விடாமல் எழுதியிருந்தார்.

தகப்பனார் படத்தின் அருகே போய் நின்றார். அவருக்குக் கம்பளிதான் முதலில் தெரிந்தது. முகம் மலர்ந்தது.

"இந்தா இருக்குல்லா நம்மது. தையலப் பாரு," என்று பின்னால் வந்தவர்களுக்குக் காட்டினார். பிறகு தயங்கி, "பேதுரு எதுக்கு மக்கா எழும்பிப் போறாரு?" என்று என்னைக் கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் நின்ற பக்கமிருந்து ஒரு பெண்குழந்தை, "அந்தக் கம்பிளிக்காரன்தான் யூதாஸ்!" என்று கூவியது. பிள்ளைகள் சிரித்தார்கள். கமிட்டிப் பெரியவர் ஒருவர், "பாத்தீங்களா, குழந்தைக்குக்கூடத் தெரிஞ்சுபோச்சு," என்று மனநிறைவோடு சொன்னார்.

தகப்பனார் கையைக் கீழே இறக்கினார். படத்தைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

"நீ பேதுருன்னுல்லா சொன்ன."

"அப்படித்தான் எங்கிட்ட சொன்னாங்கப்பா."

"யாரு?"

நான் நண்பனைத் தேடினேன். மண்டபத்தில் இல்லை. சமையல் கொட்டகையில், வார்ப்புகளுக்கு அருகே வாழையிலை எண்ணிப் பிரித்துக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் ஓடவுமில்லை, தலை குனியவுமில்லை.

"எடே, கேளு. மொதல்ல பேதுருவுக்குத்தான் போட்டிருந்துது. சத்தியம். கமிட்டிக்காரங்க போய்ப் பாத்தாங்க. பேதுரு என்ன கூலிக்காரன் கணக்கா இருக்கான்னு ஒருத்தர். யூதாஸ் யாருன்னே தெரியலன்னு இன்னொருத்தர். ரெண்டு பேரும் சம்மதிக்கல."

"பிறகு?"

"கம்பிளிய இங்கேருந்து எடுத்து அங்க போட்டா ரெண்டு கேஸும் ஒரே ஆர்டர்ல தீந்துபோகும்."

"யார் சொன்னது அதை?"

அவன் இலையைக் கீழே வைத்தான். "நான்தான். பின்னே என்ன செய்யட்டும்? படமே வேண்டாம்னு சொல்லிட்டிருந்தாங்க. மொதப் பந்தித் தீர்மானத்தையும் சேத்து எடுத்துருவோம்னாங்க. ஒண்ணு கொடுத்து ஒண்ணு வாங்கினேன். உங்காளுங்க இன்னிக்கு மொதப் பந்தியில இருக்கப்போறாங்களா இல்லியா?"

"எப்போது நடந்தது இது?"

"ஓணத்துக்கு முன்னால."

ஓணத்துக்கு முன்னால். நான் கொதித்துப் போனது அந்த யோசனையைக் குறித்தல்ல. அதிலாவது ஏதோ ஒரு கணக்கு இருந்தது. நானும் காரியங்களின் விளைவை எடைபோட்டுப் பார்க்கிறவன்தான். மூடர்களிடையே அகப்பட்ட காரியதரிசி செய்யக்கூடிய பேரம் அது என்று இன்றும் என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. ஆனால் அதற்குப் பின் வந்த ஞாயிறுகளில் என் சோற்றைப் பிசைந்துகொண்டு அவன் எதிரே உட்கார்ந்திருந்தான். நான் எந்தச் செய்தியைச் சுமந்துகொண்டு மலையேறப் போகிறேன் என்று தெரிந்தே பஸ் நிலையத்தில் நின்று கையசைத்தான். அப்போது அவன் முகம் எப்படி இருந்தது என்று நினைவுபடுத்திப் பார்த்தேன். எப்போதும்போல்தான் இருந்தது. இத்தனை தேசத்து ஓவியங்களைப் பார்த்த கண்ணுக்கு அதில் ஓர் அடையாளமும் தென்பட்டிருக்கவில்லை.

"ஒன்றே ஒன்று செய்," என்றேன். "அப்பாவிடம் வந்து, பேதுருவுக்கென்று சொல்லிக் கம்பளியை வாங்கியது நீ என்று சொல். நான் பொய் சொல்லி அவர்களை அழைத்துவந்ததாக அவர் நினைக்கிறார். அதை நீக்கக்கூடியவன் நீ ஒருவன்தான்."

"சொல்றேன். அதுக்கென்ன," என்றான். கையைத் துடைத்துக்கொண்டு என்னோடு வந்தான்.

தகப்பனாரும் மற்றவர்களும் மண்டபத்துக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்றிருந்தார்கள். பந்திக்கு மணி அடித்தாகிவிட்டது. நண்பன் இரு கைகளையும் கூப்பி, மிக மரியாதையாக, "ஐயா மன்னிக்கணும். ஓவியக்காரன் தப்புப் பண்ணிட்டான். நாங்க ஒண்ணு சொல்ல அவன் ஒண்ணு எழுதிட்டான். நாடகத்திரை எழுதறவனுக்கு வேதம் எங்க தெரியும்? வாங்க, எலை போட்டாச்சு," என்றான்.

மறுத்துச் சொல்ல வாய் வந்தது. சொன்னால் என்ன ஆகும் என்பதும் அதே கணத்தில் வந்தது. மரத்தடியில் கூச்சல் எழும். தோட்டத்தார் வந்தாலே வம்புதான் என்று அடுத்த கமிட்டியில் பதிவாகும். மாதத்துக்கு ஒருமுறை மலைக்குப் போய் ஆராதனை நடத்தும் உபதேசியாரின் பயணம் நிற்கும். அந்த எடைபோடலில் நான் நின்றுகொண்டிருக்கும்போதே தகப்பனார் பேசிவிட்டார்.

"அப்பிடியா. சரி, இருக்கட்டும்."

அவர் முன்னால் நடந்தார். லயத்துக்காரர்கள் பின்னால் போனார்கள். முதல் பந்தியில், தீர்மானத்தில் கண்டபடி, பட்டணத்தாருக்கு நடுவே அமர்ந்தார்கள். சாப்பாடு நன்றாக இருக்கிறது என்று கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னார்கள். இரண்டாம் முறை சோறு யாரும் வாங்கவில்லை.

மாலையில் பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது தகப்பனார் என்னைத் தனியே அழைத்தார்.

"ஒனக்க கூட்டுக்காரரு பொய் சொல்லுகாரு மக்கா."

"தெரியும்பா."

"கூலிக்கு எழுதுகவன் தன்னிஷ்டத்துக்கு ஒருத்தன மாத்திப் போடுவானா? நாங்க கொழுந்து நுள்ளுகோம். எந்த மலையில நுள்ளணும்னு நாங்களா சொல்லுகோம்? அவரு அந்தப் பாவப்பட்டவன் தலையில வச்சாரு பாரு, அப்பத்தான் நீ சொன்னது நெசம்னு எனக்குத் தெளிஞ்சுது."

நான் அழுதிருக்க வேண்டும். அவர் என் சட்டைக் காலரைச் சரிசெய்தார்.

"எனக்குத் தெளிஞ்சுது. ஆனா இவிய எல்லாருட்டயும் நான் ஒவ்வொருத்தரா எப்பிடிச் சொல்லுவேன்? நான் கூட்டிட்டு வந்தேன். பாத்தாவ. இனி எங்களக் கூப்பிடாத, என்ன? ஒனக்குப் பாக்கணும்னா நீ வா."

படத்தை எடுத்துவிட வேண்டுமென்று கமிட்டியில் பேசினேன். அப்படியானால் யூதாசை வேறு எப்படிக் காட்டுவது என்று என்னையே கேட்டார்கள். அது மண்டபத்திலேயே இருந்தது. சில மாதங்களில் நான் வேறொரு பேட்டைக்கு அறை மாற்றிக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் நண்பன் சாப்பிட வருவது தானாகவே நின்றுபோயிற்று. நாங்கள் சண்டை போட்டுக்கொள்ளவில்லை. வழியில் கண்டால் உத்தியோக உயர்வுகளைப் பற்றி விசாரித்துக்கொண்டோம்.

அடுத்த அசனம் நெருங்கியபோது அவன் என் கச்சேரிக்கே வந்தான். முதல் பந்தித் தீர்மானம் இந்த ஆண்டும் நிலைத்திருப்பதாகவும், தோட்டத்தார் வராவிட்டால் பெரியவர்கள் அதையே காரணமாகச் சொல்லி நீக்கிவிடுவார்கள் என்றும் சொன்னான். அவன் சொன்னது உண்மைதான். "நீ போய் ஒரு வார்த்தை கூப்பிடு. நீ கூப்பிட்டா வருவாங்க," என்றான்.

"நீ போய்க் கூப்பிடு," என்றேன்.

"நானா?"

"வழி தெரியும்தானே. வித்துராவில் இறங்கி ஏற வேண்டியதுதான். மேலே போய், போன வருஷம் நடந்தது இன்னது என்று முதலில் சொல். பிறகு கூப்பிடு."

அவன் போகிறேன் என்று சொன்னான்.

போகவும் செய்தான். ஆராதனை முடிந்து வித்துரா பஸ்ஸில் ஏறியதைப் பார்த்தவர்கள் சொன்னார்கள். சந்தையில் ஒரு கடையில் உட்கார்ந்து சாயா குடித்தானாம். தோட்டத்துக்கு மேலே போகிற ஓர் ஆளைப் பிடித்து, அசனத்துக்கு எல்லாரும் வர வேண்டும் என்று செய்தி சொல்லியனுப்பிவிட்டு, திரும்பும் பஸ்ஸுக்கே வந்துவிட்டானாம். தகப்பனாருக்கு அந்தச் செய்தி வந்து சேர்ந்தது. மலையிலிருந்து அந்த ஆண்டு ஒருவரும் இறங்கவில்லை.